பொடி பாக்கெட்டில் உள்ள பேர் யாருக்குச் சொந்தம்?

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும், தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இட்லிப்பொடி, சாம்பார் பொடி அரைத்து விற்கிறார்கள். பன்னீர் திராட்சை விலை படுத்துவிட்டால் ஜாம், ஸ்குவாஷ் காய்ச்சுகிறவர்களும் உண்டு. பாக்கெட் மேலே ஒரு பேரும் அச்சடித்திருக்கும். பிள்ளை பேராக இருக்கும், இல்லாவிட்டால் குலசாமி பேராக இருக்கும். அந்தப் பேர் நமக்குச் சொந்தம்தானா என்று நாம் யோசிப்பதில்லை. எங்கள் வீட்டில் யோசிக்க வேண்டி வந்தது.

என் அண்ணன் மனைவி, எங்க மதினி, 2016-ல் பொடி விற்க ஆரம்பித்தார். எங்க அப்பத்தாவை ஊரில் கூப்பிடும் பேரையே பாக்கெட்டுக்கு வைத்தார். (விண்ணப்பம் நடந்துகொண்டிருப்பதால் அந்தப் பேரை இங்கே எழுதவில்லை.) போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு வியாபாரி அதே பேர், அதே மஞ்சள் நிறம், அதே சிவப்பு எழுத்தில் பொடி போட ஆரம்பித்துவிட்டார். வாடிக்கைக்காரர்கள் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "என்னத்தா, இந்தத் தடவ பொடியில உமி வாடை அடிக்குது?" என்று மதினியிடம் வந்து சண்டை. எட்டு வருஷம் சேர்த்த நல்ல பேர் எட்டு நாளில் போய்விடும் போல இருந்தது. மதினி நேரில் போய்க் கேட்டதற்கு அவர், "பேரை நீ பதிஞ்சு வச்சிருக்கியாம்மா?" என்று ஒரே கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்.

அதனால் பதிவது என்று முடிவு செய்தோம். வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான்தான் என்பதால் காகித வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. தெரிந்துகொண்டதை மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கடிதம்.

வியாபாரப் பேரையும் சின்னத்தையும் காப்பது 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னங்கள் சட்டம். விண்ணப்பப் படிவத்துக்கு டிஎம்-ஏ என்று பேர். நம் மாநிலத்துக்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனி ஆளாக விண்ணப்பித்தால் கம்ப்யூட்டர் வழியாக 4,500 ரூபாய், காகிதமாகக் கொடுத்தால் 5,000 ரூபாய். உத்யம் சான்று வைத்திருக்கும் சிறு தொழிலுக்கும் இதே கட்டணம்தான். பெரிய கம்பெனிக்கு இதில் இரண்டு மடங்கு. கம்ப்யூட்டர் வழியாக என்றால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதற்காக ஆடிட்டரிடமோ ஏஜெண்டிடமோ போனால், எனக்காக இவர் செய்யலாம் என்று டிஎம்-48 படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவர்கள் கூலி தனி. முதலில் கேட்ட இடத்தில் 18,000 சொன்னார்கள். இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்த பிறகுதான் பேசி முடித்தோம்.

இந்த 4,500 ஒரு வகுப்புக்கு மட்டும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தில் உள்ள சரக்கு, சேவை எல்லாவற்றையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மசாலாப் பொடி, ஏலக்காய் 30-ஆம் வகுப்பு. ஜாமும் ஊறுகாயும் 29. திராட்சை ஜூஸ், ஸ்குவாஷ் 32. பறித்த திராட்சையை அப்படியே விற்றால் 31. ஒரே அடுப்பில் காய்ச்சுகிற ஜாமுக்கும் ஸ்குவாஷுக்கும் வேறு வேறு வகுப்பு என்று கேட்டதும் மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றுக்கும் சேர்த்தால் 13,500. பொடிதான் அதிகம் விற்கிறது, பொடிக்குத்தான் சண்டை. ஆகவே இப்போதைக்கு 30 மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். நாம் நினைக்கிற எல்லாப் பேரையும் பதிய முடியாது. சரக்கின் குணத்தையே சொல்கிற "காரப்பொடி", "நயம் சுவை" மாதிரியான வார்த்தைகள் எல்லா வியாபாரிக்கும் பொது. ஒருவருக்கு மட்டும் தரமாட்டார்கள். வெறும் ஊர்ப் பேரும் அப்படித்தான். சாமி பேரிலும் சிக்கல் வரலாம். ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பேரை ஒருவர் தனக்கே என்று உரிமை கொண்டாட முடியாது என 2015-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வீரபாண்டி கௌமாரியம்மன் பேரை வைத்திருக்கும் நம்ம பக்கத்துக் கடைக்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

மதினியின் தங்கச்சி, "ஜாமுக்குக் கம்பம் பன்னீர் திராட்சைன்னே பேர் வச்சுப் பதிஞ்சிருவோமே" என்று கேட்டாள். அதுவும் ஆகாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கியிருப்பதும் இதைத்தான். வணிகச் சின்னம் ஒரு ஆளுக்கோ கம்பெனிக்கோ சொந்தம். புவிசார் குறியீடு அந்த மண்ணில் விளைவிக்கிற, செய்கிற எல்லாருக்கும் பொதுச்சொத்து. அதை ஒரு வீட்டுக்காரர் மட்டும் வளைத்துப் போட முடியாது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. வெயிலில் பந்தல் போட்டு விளைவிப்பவர்கள் ஒருத்தர் இரண்டு பேரா?

பேர் சரியாக இருந்தாலும், அதே பேரோ அதே மாதிரி ஒலிக்கிற பேரோ ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். எழுத்து வேறாக இருந்து ஒலி ஒன்றாக இருந்தாலும் தடை சொல்வார்கள். ஆகவே ஒலியை வைத்துத் தேடும் வசதியிலும் போட்டுப் பாருங்கள்.

தமிழில் பேர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விதி. இந்தி, இங்கிலீஷ் தவிர வேறு எழுத்தில் பேர் இருந்தால், அது என்ன மொழி, எப்படி உச்சரிப்பது, என்ன அர்த்தம் என்று விண்ணப்பத்திலேயே எழுதித் தர வேண்டும். எங்க அப்பத்தா பேருக்கு இங்கிலீஷில் என்ன அர்த்தம் எழுதுவது என்று நானும் அண்ணன் மகனும் ஒரு சாயங்காலம் பூராவும் மண்டையை உடைத்துக்கொண்டோம். படம் எட்டு சென்டிமீட்டருக்கு எட்டு சென்டிமீட்டருக்குள் தெளிவாக இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு உண்டு என்று ஆடிட்டர் அலுவலகத்தில் சொன்னார்கள்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது பழைய பில்தான். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பேரை எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? இனிமேல்தான் என்றால் அப்படியே எழுதிவிடலாம். முன்பிருந்தே என்றால் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, ஆதாரமும் இணைக்க வேண்டும். எங்களுக்கோ அந்தத் தேதிதான் உயிர். முதலில் பதிந்தவருக்கு மட்டும்தான் உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை, பிறகு வந்து பதிந்தவர் தடுக்க முடியாது என்று 34-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் முன்பிருந்தே என்று வாயால் சொன்னால் போதுமா?

மூன்று நாள் வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம். கடைக்காரர் ஒருவர் நல்ல மனசோடு பழைய கணக்கு நோட்டைக் கொடுத்தார். அதில் "பொடி அக்கா 40 பாக்கெட்" என்று எழுதியிருந்தது. பேர் இல்லாததால் அது உதவவில்லை. கடைசியில் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த பிரஸ் பில் கிடைத்தது. 2016 ஐப்பசியில் லேபிள் அடித்தது. பேர், தேதி, எத்தனை லேபிள், எல்லாம் அதில் இருந்தது. மதினி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு பேர் போட்ட பழைய ரசீதுகள், கல்யாண வீட்டு ஆர்டர் சீட்டு, செல்போனில் தேதியோடு இருந்த பாக்கெட் படங்கள் எல்லாம் சேர்த்தோம். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலும் ஒருதரம் பாருங்கள்.

விண்ணப்பம் போட்டதும் ஒரு நம்பர் தருகிறார்கள். முதலில் காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்ப்பு. குறை இருந்தால் கடிதம் வரும். பிறகு அதிகாரி பரிசீலித்து ஆய்வு அறிக்கை அனுப்புவார். ஆட்சேபணை இருந்தால் கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதைத் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடலாம். தேறினால் ஜர்னலில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதுவரை பாக்கெட்டில் "டிஎம்" என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் "ஆர்" எழுத்தைப் பதிவுக்கு முன்னால் போடுவது சட்டப்படி தப்பு. முன்பு இதற்கு மூன்று வருஷம் வரை ஜெயிலும் அபராதமும் கிடைக்கலாம் என்று இருந்தது; 2024-லிருந்து ஜெயில் இல்லை, பணத் தண்டம் உண்டு. அழகுக்காக அதைப் போட்டுக் கொடுக்கும் பிரஸ்காரர்கள் உண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மதினிக்கு நம்பர் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆய்வு அறிக்கைக்குப் பதில் அனுப்பியாயிற்று, ஜர்னலில் வர வேண்டும். அந்த வியாபாரி பாக்கெட் நிறத்தைப் பச்சையாக மாற்றிவிட்டார். பேரை இன்னும் மாற்றவில்லை.

- ஒரு வாசகி, உத்தமபாளையம்