ஸ்ட்ராட்ஃபோர்ட் மாறியது, யாருக்காக?

கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் தற்செயலாக அழுக்கடைந்த ஊர் அல்ல. நாற்றமும் நச்சும் கிளப்பும் தொழில்களை 1844-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று லண்டன் எல்லைக்குள் கட்டுப்படுத்தியது. லீ ஆற்றைத் தாண்டினால் அந்த எல்லை முடிந்துவிடும். ஆகவே ரசாயன ஆலைகளும் எலும்பு காய்ச்சும் கூடங்களும் கிழக்குக் கரையில் வந்து இறங்கின. அவற்றின் புகைக்கடியிலேயே தொழிலாளர்கள் குடியேறினார்கள். ஊரிலிருந்த ரயில் பட்டறை 1991-இல் மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து அந்தப் பக்கம் போனவர்கள் கண்டவை மின்கோபுரங்கள், கழிவுக் கிடங்குகள், ஹாக்னி விக் அருகே மலையாகக் குவிந்த பழைய குளிர்சாதனப் பெட்டிகள்.

2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் லண்டனுக்கு ஒலிம்பிக் கிடைத்தது. அதன்பின், போட்டிக்காக எடுக்கப்பட்ட இந்த இடத்தை ஆளில்லாத பாழ்நிலம் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அது உண்மையல்ல. கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில் மட்டுமே நானூறு பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். ஆற்றோரத் துண்டு நிலங்களில் பல குடும்பங்கள் தலைமுறைகளாகக் காய்கறி பயிரிட்டு வந்தன. சிறிதும் பெரிதுமாகச் சுமார் 200 தொழில்கள் நடந்தன. 2007-இல் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள்.

அதன்பின் நடந்த துப்புரவுப் பணி பிரமிக்க வைப்பது. நச்சேறிய மண்ணைக் கழுவியே மறுபடி பரப்பினார்கள். அது சுமார் 20 லட்சம் டன். 52 மின்கோபுரங்களை அகற்றி, மின்கம்பிகளை ஆறு கிலோமீட்டர் நீளச் சுரங்கங்களில் புதைத்தார்கள். விளையாட்டு என்ற சாக்கு இல்லாமல் எந்த அரசாவது ஓர் ஏழை வட்டாரத்துக்கு இவ்வளவு செலவழித்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

ஒலிம்பிக்குக்காகக் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த நீச்சல் குளம் 2014-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. உலகச் சாதனையாளர்கள் பாய்ந்த தண்ணீரில் இன்று உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் நீந்தப் பழகுகிறார்கள். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஒலிம்பிக் நடந்த பெரிய அரங்கத்தின் கதை வேறு. அதைக் கால்பந்துக்கு ஏற்ப மாற்ற ஆன செலவு 32.3 கோடி பவுண்டு. அங்கே குடிவந்த வெஸ்ட்ஹாம் அணிக்கோ தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டுதான். 1904 முதல் ஆடிவந்த அப்டன் பார்க் மைதானத்தை அந்த அணி 2016-இல் விட்டுப்போனது. ஈஸ்ட்ஹாம் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம் அது. ஆட்ட நாள் கூட்டம் அந்தத் தெருக்களை விட்டு அகன்றது. மைதானத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள்.

வீடுதான் இந்தக் கதையின் நடு முடிச்சு. வீரர்கள் தங்கிய கிராமம் 2,818 வீடுகளானது. அவற்றில் கிட்டத்தட்ட பாதி 'கட்டுப்படியாகும்' வகை என்றார்கள். உண்மையிலேயே குறைந்த சமூக வாடகைக்கு வந்தவை 675. கவுன்சில் வீட்டுக்குப் பல ஆயிரம் பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வட்டாரத்தில் இது எம்மாத்திரம்?

போட்டி முடிந்த மறு ஆண்டு, ஸ்ட்ராட்ஃபோர்ட் விடுதி ஒன்றிலிருந்த 29 இளம் தாய்மாருக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. லண்டனுக்கு வெளியே வெகுதூர ஊர்களில் வீடு பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். கைக்குழந்தைகளோடு அவர்கள் போராட இறங்கினார்கள். ஒலிம்பிக் பூங்காவை ஒட்டிய கார்ப்பென்டர்ஸ் குடியிருப்பில் நல்ல கவுன்சில் வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. 2014 செப்டம்பரில் அவற்றுள் சிலவற்றைத் திறந்து உள்ளே நுழைந்தார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது: வீடு காலியாக இருக்கையில் நாங்கள் ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டும்? இந்த வட்டாரத்தின் மாற்றம் பற்றி எந்த நிபுணரும் இதைவிடச் சரியாகக் கேட்டதில்லை.

கார்ப்பென்டர்ஸ் மக்களிடம் கடைசியில் 2021-இல்தான் வாக்கெடுப்பு நடந்தது. பழையவர்கள் திரும்பிவர உரிமை தரும் மறுகட்டுமானத் திட்டத்துக்கு 73 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அந்த உரிமையைக் கிளேஸ் லேன் மக்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.