கல் பாவிய முற்றத்திற் களைகள்

மாரிமழை தொடங்கிப் பத்து நாள் கழிந்ததும், கல் பாவிய முற்றத்தின் இடைவெளிகள் யாவும் பச்சைக் கோடுகளாய் மாறிவிடும். பெரும் பணம் செலவிட்டுக் கொங்கிறீற்றுக் கற்களைப் பாவி, இனிமேல் உழவாரத்தாற் புல் செருக்கும் வேலை இல்லையென்று எண்ணியிருந்தவருக்கு இதனால் உண்டாகும் மனக்கசப்புச் சிறிதன்று. அவர் அடுத்து நாடுவது களைகொல்லிப் போத்தல், அன்றேல் ஒரு மூடை உப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளில் இவ்விரண்டும் ஆகா.

களை எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கல்லின் கீழிருந்தே வருகின்றது எனப் பலர் கருதுவர். பெரும்பாலும் அது மேலிருந்தே வருகின்றது. கற்களுக்கிடையே நிரப்பிய மணல் மழையால் அரித்துச் செல்ல, அவ்விடத்திற் புழுதியும் உக்கிய இலையும் வந்து தங்குகின்றன. காற்றும் எறும்பும் கொண்டுவரும் விதைகளுக்கு அதுவே நாற்றுமேடையாகின்றது. அம்மான்பச்சரிசி, கீழாநெல்லி, குப்பைமேனி, சாரணை முதலியன இவ்வாறு வருவனவே. சாரணை சில வீடுகளிற் கறிக்கும் ஆகுமெனினும், நஞ்சு தெளித்த முற்றத்திற் பறித்ததை உண்ணலாகாது. மேலிருந்து வரும் விதையைக் கல்லின் கீழ் விரித்த பொலித்தீன் தடுக்கமாட்டாது. மழைநீர் நிலத்துள் இறங்குவதையே அது தடுக்கும்.

கோரையும் அறுகும் வேறு இனம். இவை நிலத்தடியிலுள்ள கிழங்கிலும் தண்டிலுமிருந்து எழுவன. கோரையின் கூர்முனை பொலித்தீனையும் துளைத்து மேலெழும்.

விதையால் வரும் களைகளை அகற்றத் தக்க காலம், முதல் மழை பெய்து இரண்டு கிழமைக்குள்ளாகும். அப்போது வேர் குறுகியிருக்கும், மண்ணும் இளகியிருக்கும். இவற்றுட் பல முளைத்த சில கிழமைகளிலேயே பூத்து விதை சிந்துவன. ஆதலால், தீபாவளிக்கு முன் துப்புரவு செய்வோம் என்று நாட்களைத் தள்ளுவோர், அடுத்த பருவத்துக்கும் தாமே விதைத்தவராவர். உழவாரத்தின் அகன்ற அலகு இடைவெளியினுட் செல்லாது. பழைய கத்தியொன்றின் முனையைக் கொல்லனிடம் கொடுத்துக் கொக்கிபோல் வளைப்பித்தால், அதனை இடைவெளி வழியே இழுத்து வேருடன் களையை எடுக்கலாம். பிடுங்கியவற்றிற் பூவாதவற்றைக் கூட்டெருக் குழியில் இடலாம்.

இளங்களைகள் மீது கொதிநீர் ஊற்றுவதும் பயன்தரும். சோறு வடித்த நீரையும் ஆறுமுன் இதற்குப் பயன்படுத்தலாம். முதிர்ந்த களையின் வேர் இதனால் முற்றாய் மடியாது. ஒரு கிழமை கழித்து மீண்டும் ஊற்றுதல் வேண்டும். வெறுங்காலுடன் இவ்வேலை செய்தலும், சிறுவரிடம் இதனை ஒப்படைத்தலும் கூடா.

கோரைக்குப் பொறுமையே வேண்டும். முளையை மாத்திரம் கிள்ளினால் கிழங்கு மீண்டும் முளைவிடும். எனினும் இரண்டு கிழமைக்கொரு முறை தவறாது கிள்ளிவரின், புதுக்கிழங்கு உண்டாகுமுன் பழங்கிழங்கிற் சேர்ந்துள்ள உணவு குறைந்துகொண்டே போகும். முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் கோரை மிகுந்திருந்தால், அவ்விடத்துக் கற்களைக் கிளப்பி, ஓரடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி, அரிதட்டில் இட்டுக் கிழங்குகளைப் பொறுக்கியபின் கற்களை மீளப் பாவுதல் நன்று. வேலை பெரிதுதான், ஆயினும் வேறு குறுக்குவழி இல்லை.

இனி நஞ்சைப் பற்றி. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் மெல்லிய மண்ணையும் வெடிப்புள்ள சுண்ணக்கல்லையும் கடந்து கிணற்றைச் சேர்கின்றது. முற்றத்தில் ஊற்றியதும் அவ்வழியே செல்லக்கூடும். 2015ஆம் ஆண்டில் இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்கு மாத்திரம் இளக்கப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்ட கிளைபோசேற்று என்னும் களைகொல்லி, வயல்மண்ணில் மண்துகள்களுடன் பெரிதும் ஒட்டிக்கொள்வது. கல்முற்றத்திலோ அவ்வாறு பிடித்துவைக்கப் போதிய மண் இல்லை. அடுத்த மழை அதனைக் கழுவிச் செல்லும். மேலும், பின்னர் வந்து விழும் விதையை அது தடுப்பதுமில்லை. உப்போ கிணற்றையும் கெடுத்து, ஓரத்தில் நிற்கும் தோடையையும் எலுமிச்சையையும் வாடச்செய்யும். கழிவெண்ணெய் ஊற்றுவாரும் உளர். 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி எழுந்த கவலையை அறிந்தோர் அதனைச் செய்யத் துணியார்.

வெண்ணிறச் சிறு பூக்களுடன், மாசிபத்திரி போன்ற இலையுடைய செடி முளைத்திருப்பின் அது பாத்தீனியமாகலாம். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உண்டாக்கும். வெறுங்கையால் தொட்டோருக்குத் தோல் அரிப்பும், அதன் பூந்தூளைச் சுவாசித்தோருக்கு மூச்சிழுப்பும் உண்டாதல் கூடும். கையுறை அணிந்து, பூக்குமுன் வேருடன் பிடுங்குதல் வேண்டும். பூத்துவிட்டதாயின் சாக்கொன்றால் மூடிப் பிடுங்கி எரித்துவிடுக. கூட்டெருக் குழியில் இடற்க. ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு காட்டுக.

களையை எடுத்தபின் இடைவெளியை வெறுமையாய் விடின் புழுதி மீண்டும் குடியேறும். தை, மாசியில் வெயில் ஏறியதும், இடைவெளியிலுள்ள புழுதியை ஓரங்குலத்துக்குச் சுரண்டி எடுத்து, உப்பில்லாத நுண்ணிய உலர்மணலைத் தும்புத்தடியாற் குறுக்காகத் தள்ளி நிரப்புக. கடற்கரை மணல் இதற்கு உதவாது. சீமெந்தால் இடைவெளியை அடைத்துவிடலாமே எனச் சிலர் கேட்பர். அடைத்தால் மழைநீர் கிணற்றுக்குச் சேராமல் வீதிக்கு ஓடும், சீமெந்தும் காலப்போக்கில் வெடிக்க அவ்வெடிப்பிலேயே அறுகு வேர்விடும். மணல் இட்ட மறுநாள் அது சிறிது தாழ்ந்திருக்கும். இன்னொரு முறை தள்ளி நிரப்பியபின், எஞ்சிய மணலைக் கூட்டி அள்ளி ஒரு சாக்கில் உலர வைத்துக்கொள்க. அடுத்த ஆண்டு அதே வேலைக்கு உதவும்.