உள்ளே வந்து பாக்கலாமா, தம்பி?

எங்கள் அத்தை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பால் பொங்கப் போவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். சென்னைக்குப் போயிருக்கிறாரா என்றால், போயிருக்கிறார். மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரி வராண்டாவையும் எதிர்க்கடை இட்லியையும் தவிர எதையும் பார்க்கவில்லை. "அது போனதுல சேர்த்தி இல்ல பாப்பா" என்பது அவர் கணக்கு. எனவே இதுதான் முதல் பயணம்!

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஒரு நிபந்தனை போட்டார்: "பீச்சு காட்டு, செத்த காலேஜ் காட்டு, பதினாலு மாடி காட்டு. எல்லாம் பாக்கறேன். ஆனா எந்தக் கடையில காபி குடிச்சாலும் அடுப்பாண்ட போய்ப் பாத்துட்டுத்தான் வருவேன்."

அட, இதைவிட நல்ல பயணத் திட்டம் யாருக்குக் கிடைக்கும்? அந்த ஒரு நாளில் நாங்கள் எட்டிப் பார்த்த உள்பக்கங்களை உங்களுக்கும் காட்டுகிறேன், வாருங்கள்.

காலை 5.10: பையில் புளியோதரை, கையில் டிக்கெட்

முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு. விடிகிற நேரத்தில் ஸ்டேஷனை ஒட்டிக் கொளவாய் ஏரி பளபளவென்று கிடக்க, அத்தை அதைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்கப் பிளாட்பாரத்தில்தான். கூடை கூடையாகக் கீரை, மூட்டை மூட்டையாகக் கத்தரிக்காய், ஈரத்துணி போர்த்திய பூக்கூடை. எல்லாம் வியாபாரிகளுக்கென்றே விட்டிருக்கும் பெட்டியில் ஏறின. "பட்டணம் காலைல சாப்பிடப் போறது எல்லாம் நம்மகூடவே வருது பாரேன்!" என்று என் தோளைத் தட்டினார். பயணத்தின் முதல் உள்பக்கம் அதுதான். நகரம் கண் விழிக்குமுன்பே நம் பக்கத்துக் கைகள் அதற்கு உலை வைத்துவிடுகின்றன.

இந்தத் தடத்துக்கு ஒரு பெருமை உண்டு. பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். கரண்ட் வண்டி பார்க்கவே ஜனங்கள் கிளம்பி வந்த காலம் அது. வண்டலூர் வந்ததும் ஜன்னல் பக்கம் நகர்ந்தோம். உயிர் காலேஜ்! மிருகக்காட்சி சாலைக்குப் பழைய சென்னைக்காரர்கள் வைத்த பேர். 1855-ல் எழும்பூர் மியூசியத்து வளாகத்தில் ஆரம்பித்து, பிறகு சென்ட்ரல் பக்கத்துக்குப் போய், 1985-ல் வண்டலூர்க் காட்டுக்குக் குடிவந்தது. உயிரோடு உள்ளவை இருந்தால் உயிர் காலேஜ், பாடம் பண்ணி வைத்தவை இருந்தால் செத்த காலேஜ். எவ்வளவு சுருக்கமான அகராதி!

காலை 8.40: காபி மாஸ்டரின் ராஜ்யம்

எழும்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக அரண்மனை! ஹென்றி இர்வின் வரைந்து, ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை கட்டி, 1908-ல் திறந்தது. அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி, காபி."

ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பழைய ஹோட்டல். ஆளுக்கு ரெண்டு இட்லி, ஒரு வடை, பிறகு டபரா செட்டில் காபி. முதல் வாய் குடித்ததும் அத்தையின் கண் அகலமானது. எழுந்து நேராகக் கல்லாவுக்குப் போனார்.

"உள்ளே வந்து பாக்கலாமா, தம்பி? நானும் டீக்கடைதான்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லாவில் இருந்தவர் ஒரு நொடி பார்த்தார், சிரித்தார், உள்ளே குரல் கொடுத்தார்: "மாஸ்டர், நம்ம தொழில்காரம்மா வராங்க!"

திரையை விலக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. என் இடுப்பு உயரத்துக்குப் பித்தளை பில்டர்! மேல் அடுக்கில் தூள், கீழ் அடுக்கில் சொட்டுச் சொட்டாக டிகாஷன். வீட்டில் வைத்திருக்கிறோமே, அதன் பெரியப்பா. தூளில் நூற்றுக்கு எண்பது காபி, இருபது சிக்கரி என்றார் மாஸ்டர். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்த்தால் தண்ணீர் சட்டென்று ஓடிவிடாமல் தூளோடு நின்று இறங்கும், டிகாஷனும் கெட்டியாகும். விலையைக் குறைக்கத்தான் அதைப் போடுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்!

அடுத்த ரகசியம் பால். ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு. பச்சை பாக்கெட்டில் 4.5, நீலத்தில் 3. கொழுப்பு குறையக் குறைய டிகாஷன் பாலை மீறிக் கசக்குமாம். ஒரே அண்டாவில் மணிக்கணக்காகக் காய்ச்சுவதில்லை. சின்னப் பாத்திரத்தில் காய்ச்சி, தீர்ந்ததும் புதுப் பால். "திரும்பத் திரும்பக் கொதிச்ச பாலு வேற வாசனை அடிக்கும்கா" என்றார். அத்தை அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது, எங்கள் கடையில் ஏதோ மாறப்போகிறது என்று.

டிகிரி காபிக்கு ஏன் அந்தப் பேர் என்றும் ஒரு விளக்கம் சொன்னார். தண்ணீர் கலக்காத பாலா என்று லாக்டோமீட்டர் போட்டு 'டிகிரி' பார்ப்பதிலிருந்து வந்த பேராம். வேறு விளக்கங்களும் ஊரில் உலவுகின்றன. ஆனால் பால் சொசைட்டியில் தினம் லாக்டோமீட்டர் மிதப்பதைப் பார்க்கிற அத்தைக்கு இதுதான் பிடித்தது.

மாஸ்டருக்கு எந்த ஊர் என்று கேட்டோம். வந்தவாசிப் பக்கம்! எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவர். எங்கள் கையில் இருந்த புளியோதரைப் பொட்டலம் ஒன்று அங்கேயே கை மாறியது.

காலை 10.15: செத்த காலேஜில் உயிர்

பாந்தியன் சாலையில் நடந்தே போய்விடலாம். 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அத்தையும் அண்ணாந்து பார்த்தார். ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது வெண்கலச் சிலைகளின் கூடம்.

திருவாலங்காட்டு நடராஜர்! பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. அரக்கோணத்துப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். "நம்மூராண்ட சாமி இங்கயா இருக்காரு!" என்று கை கூப்பிவிட்டார். இந்தக் கூடத்தின் உள்கதை இன்னும் அருமை. இங்கே உள்ள படிமங்களில் ஏராளமானவை புதையலாகக் கிடைத்தவை. கிராமத்தில் கிணறு தோண்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதோ மண்வெட்டியில் 'டங்' என்று பட்டவை. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் வழியாக அரசுக்கு வந்து இங்கே சேர்ந்தன.

மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த வெண்கலம் அப்படியே பளபளப்பாகவா வரும்? உப்பு ஏறிப் பச்சை பூத்துப் பொடிப்பொடியாக உதிரும். அதைக் குணப்படுத்த 1930-ல் இங்கே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்னாற்பகுப்பு முறையில் சிலைகளைச் சுத்தம் செய்தார். அதாவது, சாமிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி! அத்தை இதைக் கேட்டு அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? சென்னை ஆஸ்பத்திரி பற்றி அவர் மனதில் இருந்த பன்னிரண்டு நாள் பாரத்தில் கொஞ்சம் அங்கே இறங்கியதைப் பார்த்தேன்.

நாங்கள் வேறு உத்திரமேரூர்க்காரர்கள், எங்கள் பெருமையைச் சொல்லாமல் இருப்போமா? எங்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்களே, அந்தக் குடவோலை முறை. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பதுவரை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தினம் கடை திறக்கப் போகும் வழியில் உள்ள சுவரை அத்தை மியூசியத்தில் நின்று நினைத்துக்கொண்டார். "அந்தச் செவுத்த நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல பாப்பா."

அதே வளாகத்தில் கன்னிமரா நூலகம், 1896-ல் திறந்தது. நாட்டில் அச்சாகும் எந்தப் புத்தகமானாலும் சட்டப்படி ஒரு பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. காஞ்சிபுரத்துச் சின்ன அச்சகத்தில் அடித்த கவிதைப் புத்தகத்துக்கும் இங்கே இடம் உண்டு!

பகல் 1.00: பதினாலு மாடியும் ஒரு சிங்கிள் டீயும்

பிங்க் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னைக்குப் புதிதாக வரும் பெண்களே, இது உங்கள் சுற்றுலா வண்டி! மவுண்ட் ரோட்டில் இறங்கினால் எல்.ஐ.சி. கட்டடம். 1959-ல் கட்டி முடித்தபோது இந்தியாவிலேயே உயரமானது. அத்தை விரல் விட்டு எண்ணினார். பதினாலு சரியாக வந்ததும் கை தட்டினார்.

அந்தச் சாலையில்தான் 1951-ல் தொடங்கிய புகாரி ஹோட்டல் இருக்கிறது. சிக்கன் 65 இங்கே 1965-ல் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பக்கத்துத் தெருமுனையில் ஒரு சிங்கிள் டீ குடித்தோம். அத்தையின் தீர்ப்பு: "தூள் நல்லா இருக்கு. டிக்காஷன ரொம்ப நேரம் கொதிக்க வுட்டுட்டாங்க."

பகல் 2.45: கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்

இப்போதுதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு புதுக் காலத்துக் கபே. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மெல்லிய இசை, ஒரு காபி 220 ரூபாய். அத்தை வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். உள்ளே இருந்த பெண் ஓடிவந்து, "பரவால்ல ஆன்ட்டி, போட்டுக்கிட்டே வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

காபி வந்தது. மேலே பாலிலேயே ஓர் இலை! அத்தை அதைக் கலைக்க மனசில்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரே குஷி. "யாருமே இப்படிக் கேட்டதில்ல, வாங்கக்கா!" ஆன்ட்டி அக்கா ஆகிவிட்டார்.

எஸ்பிரெஸோ மிஷினை அவள் விளக்கிய அழகு! பதினெட்டு கிராம் தூளை அமுக்கி வைத்து, 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்துகிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு. வீட்டு பில்டர் மணிக்கணக்கில் செய்வதை இது அரை நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறது. பாலுக்குள் ஆவிக்குழாயை விட்டுச் சீறவிட்டதும் அத்தை கண்டுபிடித்துவிட்டார்: "நாங்க ஒசரத்துல தூக்கி ஆத்தறோம், நீ குழாய வுட்டு ஆத்தற. ரெண்டும் பாலுக்குள்ள காத்து ஏத்தற வேலைதான?" அந்தப் பெண் துள்ளிக் குதித்தாள். அதேதானாம்!

காலையில் கடை திறந்ததும் தூளின் பருவத்தைச் சரிபார்க்க முதலில் இறக்கும் காபியைக் கொட்டிவிடுவார்களாம். அத்தை முகம் மலர்ந்தது. "நாங்களும் மொத டீய விக்க மாட்டோம்மா. தெருவுல ஊத்திடுவோம், சாமிக்கு." இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். 12 ரூபாய் டீ விற்கிறவரும் 220 ரூபாய் காபி விற்கிறவளும் ஒரே தொழில்காரர்களாக நின்ற அந்த நிமிஷத்துக்காகவே நான் இந்தப் பயணத்தை இன்னும் பத்து முறை போவேன்.

மாலை 5.00: விளக்கின் உச்சியில்

மெரினா கலங்கரை விளக்கம் 1977-ல் வேலை செய்யத் தொடங்கியது. மூடி வைத்திருந்ததை 2013-ல் மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். லிஃப்டிலேயே மேலே போய்விடலாம், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! ஒரு பக்கம் முடிவில்லாத நீலம், இன்னொரு பக்கம் முடிவில்லாத மொட்டைமாடிகள். அத்தை பேசவே இல்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

கீழே மணலில் தேங்காய் மாங்காய்ப் பட்டாணி சுண்டல். சுண்டல் விற்கும் அம்மாவின் தூக்குவாளியையும் அத்தை விடவில்லை. முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, மத்தியானம் வேகவைத்து, மாங்காயை மட்டும் விற்கும்போதுதான் கலக்குவார்களாம். முன்னாலேயே போட்டால் தண்ணி விட்டுவிடும். எழுதிக்கொள்ளுங்கள்!

அதற்குப் பிறகு

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் கடையில் இரண்டு லிட்டர் பித்தளை பில்டர் ஒன்று வந்திருக்கிறது. பாலைச் சின்னப் பாத்திரத்தில்தான் காய்ச்சுகிறோம். காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை பில்டர் காபி கிடைக்கும், 20 ரூபாய்.

முதன்முறை பெருநகரம் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. கண்ணாடிக் கதவைப் பார்த்துத் தயங்காதீர்கள். காபி நன்றாக இருந்தால் போட்டவரிடமே போய்ச் சொல்லுங்கள், உள்ளே பார்க்கலாமா என்று கேளுங்கள். அவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

அதேபோல, குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க உத்திரமேரூருக்கு வருகிற சென்னைக்காரர்களே, கோயில் பார்த்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். எங்கள் கடைக்கு வாருங்கள். அடுப்பாண்ட வந்து பார்க்கலாம், அத்தையே கூட்டிப் போய்க் காட்டுவார்.