கணக்குக் கம்ப்யூட்டரில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தால்...



சிட்டையும் பேரேடும் இருந்த கல்லா மேசையில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 1986-ல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் ‘டேலி’ மென்பொருள் நம்மில் பலருக்கும் பழக்கமானது. கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று என்று இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கும்போதுதான் ‘தொடர்பு இல்லை’, ‘லைசென்ஸ் கிடைக்கவில்லை’ என்று தொல்லை தொடங்குகிறது.

உடனே எல்லாவற்றையும் அழித்து மறுபடி போடச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள வழியில்தான் இருக்கும். முதல் வேலையாகக் கணக்கு ஃபோல்டரைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். அதற்குமுன் யாரையும் கைவைக்க விடாதீர்கள். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

1. லைசென்ஸ்: ‘சில்வர்’ ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே. ஒரே சமயத்தில் பலர் வேலை செய்ய ‘கோல்டு’ வேண்டும். இது தெரியாமல் எத்தனை மெக்கானிக்கை அழைத்தாலும் பயனில்லை.

2. ஒயர்: கணக்கு உள்ள பெரிய கம்ப்யூட்டர் ஓடுகிறதா? ரவுட்டரில் விளக்கு எரிகிறதா? அரிசி, பருப்பு குடோனில் எலி ஒயரைக் கடிப்பது புதிதல்ல.

3. விலாசம்: ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.5 என்பதுபோல ஓர் எண் உண்டு. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் அதை மாற்றிவிடலாம். குடோன் கம்ப்யூட்டரோ பழைய விலாசத்திலேயே தேடும். பெரிய கம்ப்யூட்டருக்கு நிலையான எண் கொடுக்கச் சொல்லுங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து விலாசமே வரவில்லை. 127.0.0.1 என்பது அந்தந்தக் கம்ப்யூட்டர் தன்னையே குறிப்பது. குடோனில் அதைப் போட்டால் கல்லாவுக்குப் போகாது.

குடோனிலிருந்து ‘பிங்’ கட்டளை கொடுத்துப் பதில் வந்தால், ஒயரும் விலாசமும் சரி.

4. வாசல்: லைசென்ஸுக்கு வழக்கமான போர்ட் எண் 9999, மற்ற மென்பொருளோடு தகவல் பரிமாற 9000. வேறொரு பில்லிங் மென்பொருள் 9000-ஐப் பிடித்திருந்தால், டேலி அமைப்பில் 9001 என்று மாற்றலாம்.

5. காவல்: விண்டோஸின் ஃபயர்வால் வாசலை அடைத்திருக்கலாம். அதை அடியோடு நிறுத்தச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். டேலிக்கு மட்டும் வழிவிடச் சொல்லுங்கள். கடை நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பவர்களுக்கு ஆர்-1 11-ஆம் தேதி, 3பி 20-ஆம் தேதி கெடு. வரி உள்ளவர் 3பி தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், வட்டி வேறு. ஆகவே இந்தச் சோதனையை 19-ஆம் தேதி இரவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை நம் வடசென்னைப் பகுதி மறக்காது. கணக்கின் ஒரு நகல் கடைக்கு வெளியே, வீட்டில் உயரமான இடத்தில் இருக்கட்டும். ஒயரும் ரவுட்டரும் போனால் வாங்கிக்கொள்ளலாம். வர வேண்டிய பாக்கிக் கணக்கு போனால் யாரிடம் போய் வாங்குவது?