தொடுமுன் நோக்குக



தரமணியிலே ஒரு பெரிய மருத்துவமனை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய வி.எச்.எஸ். அமைப்பினுடையது அது. வருவாய்க்கேற்ற சந்தாவில் எளியோர்க்கும் மருத்துவம் கிட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. அத்தகைய மருத்துவமனைக்கு ஒருவர் வயிற்றுவலியோடு வருகிறார் என்று கொள்வோம். மருத்துவர் முதலில் என்ன செய்வார்? கை வைத்து அழுத்துவாரா? இல்லை, நின்று பார்ப்பார். செலவில்லாத சோதனை அது.

நோக்கல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் எனச் சோதனை முறைகள் நான்கு. தட்டியறியும் முறையை அவன்புருகர் 1761-இல் வெளியிட்டார். லென்னெக் 1816-இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டார். நோக்கலோ இவற்றினும் மிகத் தொன்மையானது. நம் சித்தர்கள் வகுத்த எண்வகைத் தேர்விலும் நா, நிறம், விழி ஆகியவை கண்ணால் காண்பனவே.

நோயாளியை நல்ல வெளிச்சத்தில் மல்லாந்து படுக்கச் செய்து, அவர் இசைவு பெற்று, மார்பின் கீழிருந்து தொடையின் மேற்பகுதி வரை மருத்துவர் நோக்குவார். வயிறு பருத்திருந்தால் கொழுப்பு, நீர், வாயு, மலம், கரு என்னும் ஐந்தையும் எண்ணிப் பார்ப்பார். கொழுப்பால் பருத்த வயிற்றில் கொப்பூழ் உள்ளடங்கியிருக்கும். மிகுதியாக நீர் கோத்த வயிற்றிலோ அது வெளியே பிதுங்கக்கூடும். கல்லீரல் நோய் முற்றினால் கொப்பூழைச் சுற்றிச் சிரைகள் புடைத்துத் தோன்றலாம். இருமச் சொன்னால், மறைந்திருந்த குடலிறக்கம் புடைத்து வெளிப்படலாம்.

இவை அனைத்தினும் தலையாயது அசைவு. மூச்சை இழுக்கும்போது வயிறு மெல்ல உயரும், விடும்போது தாழும். குடல்வால் வெடித்தாலோ இரைப்பைப் புண் துளைபட்டாலோ வயிற்றறையின் உட்சவ்வு அழலும். அப்போது நோயாளி வலிக்கு அஞ்சி மார்பால் மட்டும் மூச்சு விடுவார், புரளவும் மாட்டார், வயிறு பலகைபோல் அசைவற்றுக் கிடக்கும். எடுத்த எடுப்பில் கை வைத்தால், வலியாலும் அச்சத்தாலும் எந்த வயிறும் இறுகிவிடும். இயல்பான அசைவு எது, நோயின் விளைவு எது என்று பிரித்தறிவது அரிதாகும். தொடுமுன் நோக்குவது இதனாலேயே.

இதில் உங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. வயிற்றுவலி என்றதும் விளக்கெண்ணெய் புகட்டுவதும், வயிற்றை உருவி விடுவதும் நம் வீடுகளில் வழக்கம். குடல்வால் அழன்றிருக்கும் வேளையில் பேதி மருந்து அது வெடிப்பதற்கே வழி செய்யலாம். வயிறு அசைவதாலேயே அபாயம் இல்லை என்று துணியவும் கூடாது. கடும் வலியோ, விடாத வலியோ கண்டால் மருந்து எதுவும் கொடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அசையாத வயிற்றைக் கண்டாலோ ஒரு நொடியும் தாமதியாதீர்கள்.