கழியடித் தரையைக் காட்டும் படம்

கரையில் நின்று நோக்குவார்க்கு நீர்ப்பரப்பு எங்கும் ஒரே தன்மையதாகத் தோன்றும். ஆயின் அதன் அடியில் கிடக்கும் தரையோ மேடும் பள்ளமும், சேறும் பாறையுமாகப் பலவகைப்பட்டது. மீன்கள் கூடுமிடத்தைப் பெரும்பாலும் இந்த அடித்தரையே உறுதி செய்கின்றது. பள்ளத்தின் விளிம்பிலும், பாறையின் மறைவிலும், பாலத் தூண்களின் ஓரத்திலும் அவை இரை தேடி ஒதுங்குகின்றன. ஆதலின் தூண்டிலிடுவோர்க்கு முதற்கண் வேண்டுவது அடித்தரை அறிவே. அவ்வறிவை இன்று கணிப்பொறி மென்பொருள்கள் படமாக வரைந்து கைப்பேசித் திரையிலேயே காட்டுகின்றன. அப்படம் எவ்வாறு உருவாகின்றது, அதனை எவ்வளவு நம்பலாம், நம்பத் தகாத இடம் எது என்பவற்றை மும்பை நகரின் சீத்தா கேம்ப் கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

சீத்தா கேம்ப், திராம்பேயில் தாணே கழியை ஒட்டி அமைந்த குடியிருப்பு. மராத்தியர் இக்கழியைக் 'காடி' என அழைப்பர். 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில், அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த மக்கள் இத்தாழ்ந்த நிலத்தில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழ் மக்கள் பெருந்தொகையினர். அருகிலுள்ள திராம்பே கோலிவாடாவில், தலைமுறை தலைமுறையாகக் கழியையே நம்பி வாழும் கோலி மக்கள் இருக்கின்றனர். ஒருவர்க்குப் பொழுதுபோக்கான நீர் மற்றொருவர்க்கு வயல் என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அடித்தரையை அளத்தல் புதுவதன்று. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி நீரில் இறக்கி, குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றைப் பாகக் கணக்கில் அளந்தனர் நம் முன்னோர். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமே ஒரு பாகம். அஃது ஏறத்தாழ ஆறடி. குண்டின் அடியில் மெழுகோ கொழுப்போ தடவியிருந்தால், அதில் ஒட்டி வரும் மணலையோ சேற்றையோ கொண்டு தரையின் இயல்பையும் அறியலாம். கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்றனர். தூத்துக்குடிக்கு அப்பால் முத்துக் குளித்த தோலயிரம் பார் அவ்வகையில் புகழ் பெற்றது. தென்கோடிக் கரையினர் கரையிலுள்ள கோவிற் கோபுரத்தையும் தொலைவிலுள்ள மலைமுகட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து நோக்குவர். அதுபோல வேறு திசையில் இரண்டு குறிகளை நேர்ப்படுத்துவர். இவ்விரு கோடுகளும் வெட்டுமிடமே அவர் தேடும் பார். திருவனந்தபுரம் பகுதியில் இம்முறையைக் 'கணிச்சம்' என்பர். இடத்துக்குக் கணிச்சமும் ஆழத்துக்குப் பாகமும் துணையாக, அவர்கள் மனத்தினுள் வரைந்த படத்தையே இன்றைய மென்பொருள் திரையில் வரைகின்றது.

ஈயக்குண்டின் தொழிலை இன்று ஒலி செய்கின்றது. உப்பு நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரையும். படகின் அடியிலிருந்து ஓர் ஒலித் துடிப்பை அனுப்பினால், அது தரையில் மோதி எதிரொலியாய் மீளும். போய் வர ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு ஆயிற்றெனின், ஒலி சென்ற வழி 30 மீட்டர். அதிற் பாதியாகிய 15 மீட்டரே ஆழம். ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் பேம் 1913-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1925 முதல் 1927 வரை 'மீட்டியோர்' என்னும் கப்பல் எதிரொலி கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலின் அடித்தரையை அளந்தது. 1948-இல் ஜப்பானின் ஃபுருனோ நிறுவனத்தார் இதனையே மீன்கூட்டம் காணும் கருவியாக விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1957-இல் அமெரிக்காவின் லோரன்ஸ் நிறுவனத்தார் சிறு படகில் தூக்கிச் செல்லத்தக்க கருவியைச் செய்து பொழுதுபோக்குத் தூண்டிலாளர் கையில் அளித்தனர். இன்று பந்தளவே உள்ள ஒலிக் கருவிகளும் கிடைக்கின்றன. தூண்டில் நரம்பில் கட்டிக் கரையிலிருந்தே எறிந்தால், அவை ஆழத்தைக் கைப்பேசிக்கு அறிவிக்கின்றன. படகில்லாதவரும் அளக்கக் கூடிய காலம் இது.

இனி மென்பொருளின் பணியைக் காண்போம். படகு மெல்லச் செல்லும்போது கருவி நொடிதோறும் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்கின்றது: செயற்கைக்கோள் காட்டும் இடம், எதிரொலி காட்டும் ஆழம், கடிகாரம் காட்டும் நேரம். உழவர் ஏரோட்டுவதுபோல் இணையான தடங்களில் சென்று வந்தால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேரும். மென்பொருள் முதலில் பிழைப் புள்ளிகளைக் களைகின்றது. நீர்க்குமிழியோ மீன்கூட்டமோ ஒலியை மறித்துப் பொய்யாழம் காட்டியிருக்கக் கூடுமன்றோ? அடுத்து, கருவி நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே பொருத்தப்பட்டதோ அவ்வளவையும் ஆழத்தோடு கூட்டுகின்றது. பின்னர் அளந்த தடங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களைக் கணக்கால் நிரப்பி, ஒத்த ஆழமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைக்கின்றது. இவையே சமஆழக் கோடுகள். இவை நெருங்கி நிற்குமிடத்தில் தரை செங்குத்தாய் இறங்குகின்றது. விலகி நிற்குமிடத்தில் தரை சமமாகக் கிடக்கின்றது. எதிரொலியின் வலிமையும் ஒரு செய்தி கூறும். பாறையும் கெட்டி மணலும் ஒலியை வலிதாய்த் திருப்பும். இளஞ்சேறோ அதனைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, வெற்றிடத்தை நிரப்பிய வண்ணம் அளந்த உண்மையன்று. அது தகுதியான ஊகமே. இரு தடங்களுக்கிடையே இருபது மீட்டர் இடைவெளி விட்டால், அதனிடையே கிடக்கும் பாறை படத்தில் தோன்றாமலே போகலாம். இரண்டாவது, ஒலி ஊசிபோல் இறங்குவதன்று, கூம்புபோல் விரிவது. இருபது பாகை விரியும் கூம்பு ஆறு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டத்தைத் தழுவும். அவ்வட்டத்தினுள் உள்ள சிறு குழி தனித்துத் தெரியாது.

இவ்விரண்டினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அது ஓதத்தால் வருவது. சோழமண்டலக் கரையில் பழகிய கண்ணுக்கு அது எளிதிற் புலப்படாது. சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே. மும்பையிலோ, முழுமதியையும் காருவாவையும் அடுத்த நாட்களில் நீர் மூன்றரை மீட்டருக்கு மேலும் ஏறி இறங்குகின்றது. இன்னும் வடக்கே காம்பே வளைகுடாவிலுள்ள பாவ்நகரில் இவ்வேறுபாடு பத்து மீட்டரை நெருங்கும். கோலி மக்கள் ஏற்றத்தைப் 'பர்த்தி' என்றும் வற்றத்தை 'ஓஹட்டி' என்றும் வழங்குவர். அவர்தம் நாட்பொழுது அவ்விரண்டையும் சார்ந்தே நடக்கின்றது. ஆகவே தாணே கழியில் ஆழம் என்பது தனித்து நிற்கும் எண் அன்று; நேரத்தோடு சேர்த்தாலன்றி அதற்குப் பொருளில்லை.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்குவோம். ஏற்றத்தின் உச்சியில் கருவி 4.8 மீட்டர் ஆழம் காட்டுகின்றது. கருவி நீர்மட்டத்துக்கு 0.2 மீட்டர் கீழே உள்ளது. ஆகவே முழு ஆழம் 5 மீட்டர். அவ்வேளையில் ஓத அட்டவணை காட்டும் உயரம் 4.2 மீட்டர் எனக் கொள்வோம். இவ்வுயரம், நீர் மிகத் தாழ்ந்து வற்றும் நிலையை ஒட்டிக் கடற்படம் வரைவோர் வகுத்த அடிமட்டத்திலிருந்து அளக்கப்படுவது. ஐந்திலிருந்து 4.2 கழித்தால் எஞ்சுவது 0.8 மீட்டர். படத்தில் எழுத வேண்டிய ஆழம் இதுவே. மற்றொரு நாள் ஓதத்தின் உயரம் 1 மீட்டராக இருக்கும்போது அங்கே செல்வார்க்கு 1.8 மீட்டர் நீரே கிடைக்கும். திருத்தம் செய்யாத படமோ அங்கே ஐந்து மீட்டர் நீர் உண்டென்றே கூறி நிற்கும். அதே உச்சி வேளையில் வேறோரிடத்தின் முழு ஆழம் 3 மீட்டர் எனின், விடை சுழிக்குக் கீழே 1.2 ஆகும். அதாவது ஓதத்தின் உயரம் 1.2 மீட்டருக்குக் கீழே இறங்கியவுடன் அவ்விடம் காய்ந்து சேற்றுத் தரையாகிவிடும். காலையில் படகு மிதந்த இடம் நண்பகலில் வெறுஞ்சேறாவது இவ்வாறே.

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகின்றது. மும்பையில் அப்பல்லோ பந்தருக்கு உரிய கணக்கு அதில் உண்டு. கழியின் உட்பகுதியில் ஏற்றம் சற்றுப் பிந்தி வரும், உயரமும் மாறுபடும். ஆகவே அவ்வட்டவணையை மென்பொருளில் அப்படியே இட்டுவிடாது, கரையில் ஒரு கம்பை நட்டு, அதில் அளவு குறித்து, நீர் ஏறி இறங்குவதைச் சில நாட்கள் நேரிற் கண்டு ஒப்பிடல் நன்று. மலிவான இக்கம்பு, விலையுயர்ந்த கருவியின் பிழையைத் திருத்த வல்லது.

இக்கணக்கு மீனுக்காக மட்டும் வேண்டுவதன்று, உயிருக்காகவும் வேண்டுவது. ஓதம் ஏறும் ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, ஐந்தாம் மணியில் இரண்டு, ஆறாம் மணியில் ஒன்று என ஏறும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. மொத்தம் 3.6 மீட்டரெனின், நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1.8 மீட்டர் நீர் ஏறும். அஃது ஓர் ஆள் உயரம். வற்றத்தின்போது சேற்றில் நெடுந்தொலைவு நடந்து சென்று தூண்டிலிடுபவர், முதல் மணியில் நீர் மெல்ல ஏறுவதைக் கண்டு ஏமாந்து நிற்கக் கூடும். அவர் நிற்கும் மேடு காய்ந்திருக்கும்போதே, அவருக்கும் கரைக்கும் இடைப்பட்ட தாழ்ந்த ஓடை நிரம்பிவிடும். இளஞ்சேறு காலைப் பற்றிக்கொள்ளும். நல்ல அடித்தரைப் படத்தின் முதற்பயன் மீன் கூடுமிடத்தைக் காட்டுதலன்று. திரும்பும் வழியில் எங்கே ஓடை கிடக்கின்றது, அஃது எப்போது நிரம்பும் என்பதைக் காட்டுதலே ஆகும்.

பழகத் தொடங்குவோர்க்கு ஓதமில்லாத நீர் ஏற்றது. மும்பையிலேயே பவாய் ஏரி உண்டு. மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் சங்கத்தார் அங்கே நெடுங்காலமாகக் கட்லா, ரோகு முதலிய மீன்களுக்குத் தூண்டிலிட்டு வருகின்றனர். சங்கத்தின் ஒப்புதலோடு அங்கே தடமிட்டு அளந்து பழகினால், மென்பொருளின் நிறையும் குறையும் விளங்கும். ஏரிகளில் வண்டல் படிந்து தரை உயர்வதால், சில ஆண்டுகளுக்கொரு முறை வரையும் படங்கள் ஏரி தூர்வதற்குச் சான்றாகவும் அமையும்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். பல மென்பொருள்கள் ஒருவர் அளந்த தடத்தைப் பொதுப்படத்தில் சேர்த்து, உலகிலுள்ள யாவரும் காணச் செய்கின்றன. உலகக் கடலடித் தரையில் நுணுக்கமாக அளக்கப்பட்டது இன்றும் கால் பங்குக்குச் சற்று மேலேயாதலின், இவ்வாறு பகிர்தல் அறிவுக்குத் துணை செய்வதே. ஆயினும் கழியில் கொடுவாவும் மடவையும் ஒதுங்கும் ஒரு பள்ளம், மீனவர் குடும்பம் தந்தையிடமிருந்து மகன் பெற்ற செல்வமாக இருக்கலாம். அதனை விளையாட்டாக ஊரறியச் செய்தால், விடுமுறை நாளில் படகுகள் அங்கே திரளும். நாள்தோறும் அங்கு வலை வீசுபவர் வெறுங்கையராய் மீள்வர். தடத்தைப் பகிரும் முன் கோலிவாடாப் பெரியோரைக் கலந்து பேசுதல் முறை. கண்டல் மரங்களை மிதித்தலும், அணு ஆராய்ச்சி மையத்தின் தடை எல்லையை அணுகுதலும் அறவே கூடா. வாசிப் பாலத்துக்கு வடக்கே 2015-ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி உள்ளது. 2022-இல் தாணே கழி ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்பகுதியின் விதிகளை வனத்துறையிடம் கேட்டறிதல் கடமை. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் கலக்கும் கழியாதலின், பிடித்த மீனை உண்பதினும் நீரிலேயே விட்டுவிடுதல் பல வேளைகளில் அறிவுடைமையாகும்.

பிற மாநிலத்தில் வாழும் நாம் அங்குள்ள தெருக்களை அறிகிறோம், மொழியைக் கற்கிறோம், அங்குள்ள நீரையும் அவ்வாறே கற்றல் வேண்டும். சொந்தக் கரையில் கற்ற கணக்கு அயற்கரைக்கு அப்படியே பொருந்தாது. கருவி அளந்து தரும் எண்ணோடு, அந்த நீரருகே பிறந்து வளர்ந்தவரின் சொல்லையும் வைத்து ஒப்பிட்டு நோக்குவார்க்கே கழியடித் தரை தன் உண்மை உருவைக் காட்டும்.