கடலைத் தாண்டும் பாடக் குறிப்பு

கேபிள் வந்ததால் அந்தமான் மாணவர்களின் தனிமை குறைந்திருக்கிறது. ஆனால் எல்லாத் தீவுகளிலும் அல்ல.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேர் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். நடுவே சுமார் 1,200 கி.மீ. கடல். 2020 ஆகஸ்டு வரை அந்தமான் மாணவர்களுக்கு இன்டர்நெட்டும் கிட்டத்தட்ட கப்பல் வேகத்தில்தான் வந்தது. யூனியன் பிரதேசம் முழுவதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அதன் திறனோ குறைவு.

அந்த ஆண்டு மார்ச்சில் வந்த ஊரடங்கு இந்தப் பலவீனத்தை அம்பலப்படுத்தியது. பெருநகர மாணவர்கள் வீடியோவில் பாடம் கேட்டபோது, இங்கே படம் அசையாமல் நின்றது. 1967இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா உட்பட முக்கியக் கல்லூரிகள் போர்ட் பிளேரில் இருக்கின்றன. மாணவர்களோ பல தீவுகளிலிருந்து வருபவர்கள். கல்லூரியை மூடினால் பக்கத்து பெஞ்சு நண்பனின் நோட்டுகூட அடுத்த தீவுக்குப் போய்விடும்.

2020 ஆகஸ்டு 10ஆம் தேதி நிலைமை மாறத் தொடங்கியது. சென்னையிலிருந்து போடப்பட்ட சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிளைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தார். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். பணியை நிறைவேற்றியது பி.எஸ்.என்.எல். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 400 கிகாபிட் திறன். ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களுக்கும் இணைப்பு.

இதன் பலன் வீடியோ வகுப்போடு முடிவதில்லை. மேற்படிப்புக்காகச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போன அண்ணன், ஊரில் பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் விண்ணப்பத் தேதியைச் சொல்லலாம். நோட்டுப் பக்கத்தின் புகைப்படம், ஆசிரியரின் இரண்டு நிமிடக் குரல் பதிவு: இவற்றுக்கு வேகம்கூட அதிகம் தேவையில்லை. தீவு மாணவர்களை ஒரே வகுப்பாக வைத்திருக்க மிக மலிவான வழி இதுதான்.

ஆனால் கேபிள் வருவது கரை வரைதான். அதற்குப் பின் டவர் வேண்டும். டவருக்கு மின்சாரம் வேண்டும். தீவுகளின் மின்சாரமோ பெரும்பாலும் டீசலில் உற்பத்தியாவது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றப்பட்ட கச்சால், கேபிள் இறங்கிய தீவுகளின் பட்டியலில் இல்லை. பக்கத்துத் தீவான கமோர்ட்டா இருக்கிறது.

போர்ட் பிளேரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கச்சால் போன்ற தீவுகளின் மாணவர்கள் எதிர்பார்ப்பது பெயர் மாற்றத்தை அல்ல; பாடம் நடக்கும் நேரத்தில் அறுந்துபோகாத சிக்னலை.